பான்லாயில் மீனுக்கு என்ன பெயர்

நான்னிங்,
12 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா தா-யேனுக்கு,

வசந்தப் புத்தாண்டு உன் வீட்டில் நல்லபடியாகக் கழிந்திருக்கும். இந்தக் குளிருக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் பற்களைப் பற்றி நீ கேட்பாய். கேட்கும்படி மேல்வரிசையில் அதிகம் மிச்சமில்லை. மற்றபடி நலம். உன் தம்பி பெண்டாட்டி என்னைவிட நலம்.

இருபத்தெட்டு வருடமாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லப் போகிறேன். 1956-இல் மொழிக் கணக்கெடுப்புக் குழுவில் எனக்கு நம் வட்டாரத்தைக் கொடுத்தார்கள். பதினொரு ஊர், ஊருக்குத் தொள்ளாயிரம் சொல், ஒவ்வொன்றையும் அந்த ஊரார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று குறித்து வரவேண்டும். பத்து ஊருக்குப் போனேன். பதினோராவது உன் புகுந்த ஊர் பான்லாய். அங்கே போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காட்டுப் பிளம் பழத்தைக் கணக்கில்லாமல் தின்றுவிட்டேன். ஆற்றைக் கடந்து அரை நாள் நடப்பது இருக்கட்டும், நம் வீட்டுக் கொல்லைக்கும் வாசலுக்கும் இடையில் நடப்பதே பெரும்பாடாகிவிட்டது.

நீயோ கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியும், பிள்ளை பிறக்கும்வரை பிறந்த வீடு என்ற நம் வழக்கப்படி, நம் வீட்டில்தான் இருந்தாய். ஊர்ப் பதிவேட்டில் நீ பான்லாய்க்காரி. எனக்கு அது போதும் என்று பட்டது. மூங்கில் தட்டிக்கு உள்ளே நான், வெளியே நீ. "அக்கா, உன் வீட்டுக்காரர் ஊர்ப் பேச்சுல சொல்லு" என்று நான் கேட்கக் கேட்க நீ சொன்னாய். தொள்ளாயிரம் சொல், பதினேழு இடைவேளை.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் வருவது தெரியாது. படிவத்தில், சொற்களைச் சொன்னவர் அறுபது வயது தாண்டியவராக, அந்த ஊரிலேயே பிறந்தவராக இருக்கவேண்டும் என்று ஒரு விதி. நீ இரண்டிலும் தேறவில்லை. ஆகவே "ச்சின் ஆபோ, 67, விவசாயி, முன்பல் இரண்டு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பல் விவரத்தை நம்பகத்தன்மைக்காகச் சேர்த்தேன். அதற்கான தண்டனையைத்தான் என் மேல்வரிசை இப்போது அனுபவிக்கிறது.

இப்போது எங்கள் மொழி ஆய்வு நிலையத்தில் நோங் சூயிங் என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். இருபத்தாறு வயது, ஒரு காகிதத்தையும் விடமாட்டாள். அவள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நம் வட்டாரத்தில் மீனை ஓர் ஊரில் ப்யா என்கிறார்கள், அடுத்த ஊரில் ச்சா என்கிறார்கள். பான்லாய்க்கென்று நான் எழுதிய தாளில் மட்டும் ப்லா என்று இருக்கிறது. கீரை ப்லாக், தலைமுடி ப்லோம். அதுதான் நம் மொழியின் பழைய ஒலி. ஆதியில் எல்லாரும் ப்லா என்றார்கள். நாக்குக்குச் சோம்பல் வந்து ல தேய்ந்து ப்யா ஆனது. பிறகு உதட்டுக்கும் சோம்பல் வந்து ச்சா ஆனது. தெற்கே என் மாமனார் ஊர்ப் பக்கம் இன்னும் ப்லா உண்டு. ஆகவே பான்லாய்க்காரர்கள் இருநூறு வருடம் முன்பு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள், பழைய ஒலியை ஊறுகாய் போலக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. வரைபடத்தில் பான்லாய்க்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறாள். அவள் பட்டத்துக்கான ஆய்வே அந்தப் புள்ளியின் மேல் நிற்கிறது.

மூன்றாம் மாதப் பாட்டுத் திருவிழா முடிந்ததும் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வரப்போகிறாள். அக்கா, நாலே நாள். உன் ஊரார் நாலே நாள் மீனை ப்லா என்று சொன்னால் உன் தம்பி மானத்தோடு ஓய்வு பெறுவான். இல்லாவிட்டால் போலிப் பக்கம் எழுதியவன் என்று, நிலையம் அச்சிடப்போகும் வட்டார மொழிக் கையேட்டிலிருந்து பெயரை அடிப்பார்கள்.

முழங்காலுக்கு இஞ்சி கட்டிக்கொள்.

உன் உதவாக்கரைத் தம்பி,
மேங் யூசாய்

பான்லாய்,
1 மார்ச் 1984

தம்பி யூசாய்க்கு,

நான் நலம். முழங்கால் மழை வருமுன் சொல்கிறது, வானொலியைவிடச் சரியாக. மகன் லியாங் நலம். மருமகள் மேய்லினுக்கு ஐந்தாம் மாதம், புளித்த மூங்கில் குருத்தைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். அன்றைக்கே அம்மா சொன்னாள், "இவன் படிச்ச படிப்பெல்லாம் கொல்லைப்பக்கமாப் போயிடும்"னு. தீர்க்கதரிசி.

பான்லாயில் மீனை ச்சா என்றுதான் சொல்கிறார்கள். நான் வந்து குடியேறிய நாளிலிருந்து வேறு விதமாகக் கேட்டதில்லை. நானூறு வாய்களை நாலு நாளைக்குத் திருப்பி வைக்க நான் யார்? மேய்லினிடம் மட்டும் சோதித்துப் பார்த்தேன். கீரையை ப்லாக் என்று சொல்லச் சொன்னேன். எச்சில் என் கன்னத்தில் வந்து விழுந்தது. "அத்தை, இதைச் சொல்றதுக்குள்ள கீரை வெந்துடும்" என்கிறாள்.

ச்சின் ஆபோ என்று இங்கே யாரும் இருந்ததில்லை. ஊரே ச்சின் வம்சம் என்பதால் தேடிப் பார்த்தேன். பல் இல்லாதவர்கள் ஒன்பது பேர் கிடைத்தார்கள், ஆபோ கிடைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடு. வயிற்றுப்போக்கு யாருக்கும் வரும்.

அன்புடன் அக்கா,
தா-யேன்

நான்னிங்,
10 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கும் மேய்லின் வயிற்றுக்கும் சேர்த்து என் மனைவி பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் இவள் "வீட்டுக்கு வாங்க" என்றபோதெல்லாம் நான் இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தது நினைவிருக்கிறதா? வீட்டை நாம் ரான் என்போம், இவள் ஊரில் அந்த ர தொண்டைக்குள் இறங்கிக் காறுவது போல வரும். ஒலி மாற்றம் பற்றி என் முதல் பாடம் அதுதான். கஷாயம் மூன்று மாதம் ஓடியது.

உண்மையைச் சொல் என்கிறாய். சொல்லலாம். சூயிங் தினமும் காலையில் என் மேசையைத் தாண்டும்போது "ஐயா, ச்சின் ஆபோ பேரப்பிள்ளைங்க இருப்பாங்களா?" என்று கேட்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்னொன்று, ஆபோவின் முன்பற்கள் இல்லாதது ஒலியைப் பாதித்திருக்குமா என்று ஓர் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறாள். அரைப் பக்கம்.

போகட்டும். எனக்கு ஒரு குழப்பம். பான்லாயில் எப்போதுமே ச்சா என்கிறாய். நம் பிறந்த ஊரிலும் ச்சாதான். அப்படியானால் அன்றைக்குத் தட்டிக்கு வெளியே நின்று தொள்ளாயிரம் சொல்லையும் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் ப்லா, ப்லாக், ப்லோம் என்று சொன்னாயே, அது யாருடைய பேச்சு?

சீக்கிரம் எழுது.

தம்பி,
யூசாய்

பான்லாய்,
2 ஏப்ரல் 1984

தம்பிக்கு,

பேரீச்சம்பழம் வந்தது. மேய்லின் கொட்டையைக்கூட விடவில்லை. எல்லாரும் நலம்.

நாளைக்குப் பாட்டுத் திருவிழா. ஐந்து நிறச் சோற்றுக்கு இலை பறித்து ஊறவைத்தாயிற்று. சிவப்பு முட்டை எழுபது. லியாங் புதுச் சட்டை கேட்கிறான், அப்பனாகப் போகிறவனுக்குப் புதுச் சட்டையாம். கரும்பன்றி பதினோரு குட்டி போட்டது, ஒன்பது பிழைத்தது. மழை சரியாக இல்லை.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மேய்லின் கிணற்றடியில் சொல்லிவிட்டாள். இப்போது ஊருக்கே தெரியும். ஊர்த்தலைவர் வந்து உட்கார்ந்து ஒரு ஜாடி அரிசி மதுவைத் தீர்த்துவிட்டு, "வரைபடத்துல நம்ம ஊருக்குச் சிவப்புப் புள்ளி வெச்சிருக்காங்களாமே. புள்ளி வந்தா ரோடு வரும். ரோடு வந்தா லாரி வரும். நீங்க கவலப்படாதீங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றார். நேற்றிலிருந்து பள்ளிக்கூட மைதானத்தில் கிழவர்களை வரிசையாக நிறுத்தி ப்லா சொல்ல வைக்கிறார். பாதிப் பேருக்குத் தும்மல் வருகிறது.

இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

கத்தரிச் செடி நன்றாக வந்திருக்கிறது. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
தா-யேன்

நான்னிங்,
15 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கத்தரிச் செடியும் கரும்பன்றியும் நலமென்று அறிந்து மகிழ்ந்தோம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முட்டைக் கணக்குவரை இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. கொட்டை உட்பட எல்லாவற்றையும் எழுதத் தெரிந்தவள் இதை மறந்திருக்க முடியாது.

கேள்வி கேட்பதுதான் என் தொழில். முப்பது வருடத்தில் ஒன்று கற்றேன். எந்தச் சொல்லைக் கேட்டால் ஆள் திடீரென்று மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போகிறாரோ, அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் மற்றப் பெண்கள் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று வருடம் பிறந்த வீட்டில் இருப்பார்கள். நீ ஆறு வருடம் இருந்தாய். நடவுக்குப் பான்லாய், அறுப்புக்குப் பான்லாய், மூன்றாம் நாள் காலையில் மண்வெட்டியோடு திரும்பி வந்துவிடுவாய். அம்மா உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பானைகளோடுதான் சண்டை போட்டாள். லியாங் பிறக்காமலிருந்தால் நீ இன்னும் அங்கேயேதான் இருந்திருப்பாய். அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. என் வயிற்றைத் தவிர வேறெதைப் பற்றியும் தோன்றாத வயது.

சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம். கத்தரிக்காய் பற்றியே எழுது.

சூயிங் மே ஆறாம் தேதி புறப்படுகிறாள். அவளிடம் சொல்லிவிட இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் "சாப்டாச்சா?" என்றுதான் வந்தது.

தம்பி,
யூசாய்

பான்லாய்,
28 மே 1984

தம்பிக்கு,

நலம். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள், நடவு.

உன் சூயிங் வந்தாள், ஐந்து நாள் இருந்தாள். சின்னப் பெண், பெரிய பெட்டி. நல்ல பிள்ளை. நம் வீட்டில்தான் தங்கினாள்.

முதல் நாள் எல்லாம் ஊர்த்தலைவர் போட்ட கணக்குப்படியே நடந்தது. கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டிக்கு முன்னால் ப்லா என்றார்கள். ச்சின் ஆபோவுக்கு மூன்று வீட்டார் பேரன் முறை கொண்டாடினார்கள். ஒரு வீட்டார் மலையடியில் கல்லறையே காட்டிவிட்டார்கள். அந்தப் பெண் ஊதுபத்தி ஏற்றி மூன்று தடவை குனிந்து கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, வயல் பக்கம் போய்ச் சிரித்தேன். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

இரண்டாம் நாள் பிள்ளைகள் குளத்தில் குதித்துக்கொண்டு "ச்சா, ச்சா, பெரிய ச்சா" என்று கத்தின. சூயிங் என்னைப் பார்த்தாள். "பெரியவங்க ப்லா, பசங்க ச்சா. ஒரு தலைமுறையில இப்படி மாறுமா பெரியம்மா?" என்றாள். நான் அடுப்பை ஊதினேன். மூன்றாம் நாள் மதியம் ஊர்த்தலைவர் அவளுக்கு விருந்து வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பூனை தட்டில் வாய் வைத்தது. அவர் எழுந்து நின்று, "அடியே, பூன ச்சாவத் தூக்கிட்டுப் போவுது, பிடி" என்று வீடே அதிரக் கத்தினார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் மனைவி, "இனிமே ரோடு வராது, சோத்தயாவது சாப்டுங்க" என்றாள்.

நாலாம் நாள் ஓடையில் கீரை அலசிக்கொண்டிருந்தேன். அவளும் வந்து குந்திக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பேன். கல்லறைக்கு மூன்று தடவை குனிந்தாளே, அது கண்ணிலேயே நின்றது. சொன்னேன்.

"அந்தத் தாள்ல இருக்கறது என் வாய்ப் பேச்சு. ஆனா நான் பொறந்த ஊர்ப் பேச்சும் இல்ல, இந்த ஊர்ப் பேச்சும் இல்ல. ஒரு ஆளோட பேச்சு."

"யாரு பெரியம்மா?"

"கீரையை அலசு."

அலசினாள். மறுநாள் போய்விட்டாள். போகும்போது மேய்லினுக்குத் தன் கம்பளிச் சால்வையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். திட்டி எழுது.

அக்கா,
தா-யேன்

நான்னிங்,
14 ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

மேய்லின் எப்படி இருக்கிறாள்? நான் உயிரோடு இருக்கிறேன், இந்த மாதத்துக்கு அதுவே பெரிது.

திட்டுவதற்கு ஒன்றுமில்லை. சூயிங் திரும்பி வந்த அன்று என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, ச்சின் ஆபோவுக்கு எத்தனை பல்லு இல்லன்னு எழுதியிருந்தீங்க?"

"ரெண்டு."

"உங்களுக்கு?"

"ஆறு."

"அவருக்குப் பல்லு மறுபடி முளைக்கறதுக்குள்ள நீங்களே குழுவில சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

சொன்னேன். ஐந்து பேர் கொண்ட குழு. பிளம் பழத்திலிருந்து தொடங்கினேன். சிரிப்பார்கள் என்று நினைத்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அழுதுவிடுவேன் என்று நினைத்த இடத்தில் மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சொல் ஊர்ப் பேச்சு அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பேச்சு என்றேன். "ஒரு ஆள் ஒரு ஊர் ஆக முடியாது தோழர்" என்று தலைவர் சிவப்புப் பென்சிலால் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். கையேட்டில் என் அத்தியாயம் போயிற்று. பிரிவுப் பொறுப்பும் போயிற்று. இனி எனக்குக் கீழ்த்தளத்தில் ஒலிநாடாக் கிடங்கு. சன்னல் இல்லை. தூங்க வசதி.

அவளுக்குத்தான் பெரிய அடி. மூன்று அத்தியாயம் போயிற்று, பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகிறது. வரைபடத்திலிருந்து சிவப்புப் புள்ளியை என்னையே அழிக்கச் சொன்னாள். அழித்தேன். காகிதம் கொஞ்சம் நைந்தது. அதன் பிறகு கிடங்குக்கு இறங்கி வந்து ஒரு குவளை தேநீர் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா.

ஒரு ஆள் என்றாயாமே. நான் கேட்கவில்லை. கத்தரிக்காய் எப்படி?

தம்பி,
யூசாய்

பான்லாய்,
20 ஆகஸ்ட் 1984

தம்பிக்கு,

மேய்லினுக்குப் பெண் குழந்தை. உருண்டையாக இருக்கிறது, கத்தலில் உன்னைப் போல. என் பெயர் இப்போது குழந்தையின் அப்பாயி. யாரும் என்னைத் தா-யேன் என்று கூப்பிடுவதில்லை, உன் உறை மேல்தான் அந்தப் பெயர் வருகிறது. முழங்கால் பரவாயில்லை.

கத்தரிக்காய் முடிந்தது. ஆகவே எழுதுகிறேன்.

1954 பாட்டுத் திருவிழா. குகை வாசலில் நாங்கள் ஆறு பெண்கள் ஒரு பக்கம், மேலூர்களிலிருந்து வந்த ஆண்கள் ஒரு பக்கம். நாலூங் ஊர்க்காரர் ஒருவர் பாடினார். ஆறு குறுக்கே ஓடினால் என்ன, மீனுக்கு ஏது கரை என்று அடி. மீனுக்கு ப்லா என்றார். நம் பக்கத்துப் பெண்கள் எல்லாம் கிசுகிசு என்று சிரித்தார்கள். பதில் நான் பாடவேண்டிய முறை. நம் வழக்கம் உனக்குத் தெரியும், அவர் அடியின் கடைசி ஒலி நம் அடியின் நடுவில் வந்து பொருந்தவேண்டும். நம் பேச்சில் சொன்னால் எதுவும் பொருந்தவில்லை. அவர் மாதிரியே சொன்னால்தான் பாட்டு நிற்கும். சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பொழுது சாயும்வரை பாடினோம். அடுத்த வருடத் திருவிழாவிலும் பாடினோம். அதற்குள் தொள்ளாயிரத்துக்கு மேலேயே சொற்கள் வந்துவிட்டன.

அவர் அப்பா ஆட்டுக்கொம்பு ஊதிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பன்றிக்குக் காயடிப்பவர். நம் அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பான்லாயில் கல்யாணம் முடிந்தது.

லியாங்கின் அப்பா நல்ல மனிதர். நாலு வருடம் ஆகிறது போய், இன்றைக்கும் சோறு வைக்கும்போது கை இன்னொரு கிண்ணத்துக்குப் போகிறது. அதை எழுதாமல் இதை எழுதக்கூடாது.

நீ அன்றைக்குத் தட்டிக்கு உள்ளேயிருந்து, "அக்கா, இது அரசாங்கக் காகிதம், நூறு வருஷம் ஆனாலும் தொலையாது" என்று சொன்னாய். அதனால்தான்.

அவர் பெயர் லான் தாஷான். அவரும் இப்போது அதே தொழில்தான். பத்தாம் மாதம் எங்கள் ஊருக்கு வருவார். கொம்புச் சத்தம் கேட்டதும் நான் லியாங்கைப் பன்றிப்பட்டியில் நிறுத்திவிட்டு வயலுக்குப் போய்விடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தைக் கிடங்கில் வைக்காதே.

அக்கா

நான்னிங்,
9 செப்டம்பர் 1984

என் அன்புள்ள அக்கா தா-யேனுக்கு,

இந்தப் பெயரை உறை மேல் மட்டுமல்ல, உள்ளேயும் ஆறு தடவை எழுதலாம் என்று இருக்கிறேன். பேத்திக்கு ஒரு தொப்பி அனுப்புகிறோம். என் மனைவி பின்னியது. இரண்டு தலைக்குப் போதும்.

நானும் ஒன்று சொல்லவேண்டும். சம்பந்தம் பேசியபோது உன் பிறந்த நாளும் நேரமும் எழுதிய சிவப்புத் தாளைப் பான்லாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். எழுதியவனும் நான்தான், வீட்டில் நல்ல கையெழுத்து எனக்கு மட்டும்தானே. உன்னைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, கேள்வி கேட்பதையே தொழிலாக்கிக்கொண்ட எனக்கும். அங்கே ஒரு வாத்து சமைத்துப் போட்டார்கள். தொடை இரண்டையும் தின்றேன்.

அடிக்கப்பட்ட பக்கம் என் கிடங்கிலேயே ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடமாக என் திருட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பொருளை என் பெயரில் வைத்திருந்திருக்கிறேன்.

சூயிங்கிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. அவள் புது ஆய்வு ஒன்று தொடங்கிவிட்டாள், இந்தத் தடவை மீன் இல்லாத சொற்களாம்.

அக்கா, நான் உனக்குப் புத்தி சொல்கிற வயதை ஒருநாளும் எட்டப்போவதில்லை. ஆனாலும், பத்தாம் மாதம் கொம்பு ஊதினால் வயலுக்குப் போகாதே. அறுப்பு முடிந்த வயலில் என்ன வேலை?

தம்பி,
யூசாய்

பான்லாய்,
18 நவம்பர் 1984

தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். தொப்பியைப் பேத்தி தொட்டிலாக வைத்திருக்கிறாள்.

கொம்பு ஊதினது. மண்வெட்டியைக் கையில் எடுத்தேன். மேய்லின், "அத்தை, அறுப்பு முடிஞ்ச வயல்ல என்ன வெட்டப் போறீங்க?" என்றாள். நீ அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. திருட்டுப் பயலே.

பட்டியிலேயே நின்றேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. மனைவி போய் ஆறு வருடமாம். குட்டியின் பின்னங்காலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். பிடித்தேன்.

"இத்தன வருஷமா வயல்ல அப்படி என்னதான் வெளையுது?" என்று நிமிராமலே கேட்டார்.

"கத்தி பத்திரம். குட்டி தாங்காது" என்றேன்.

"குட்டி தாங்கும். நீ கால விட்டுடாத."

புது ஈற்றுக் குட்டி எல்லாம் முடிந்தது. சாப்பிடச் சொன்னேன். மீன் வைத்தேன். அதை ப்லா என்றார். மேய்லின் சிரிக்காமல் இருக்கப் பேத்தியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உன் கதையைச் சொன்னேன், பிளம் பழம், பல், கல்லறை எல்லாம். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்தத் தாள்ல என் பேச்சா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நாளை மறுநாள் மறுபடி வருகிறார். பட்டியில் குட்டி ஒன்றும் பாக்கியில்லை. லியாங், "எதுக்கும்மா வர்றார்?" என்றான். சாப்பிட வருகிறார் என்றேன். சரி என்றான். மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

உன் பற்களைப் பார்த்துக்கொள். உன் மனைவிக்கும் சூயிங்குக்கும் என் அன்பு.

அக்கா,
தா-யேன்

பின்குறிப்பு: ஒன்று எழுத மறந்தேன். "உங்க நாலூங்ல எல்லாரும் ப்யா, நீங்க மட்டும் எப்படி ப்லா?" என்று அவரைக் கேட்டேன். அம்மா பேச்சாம். அவர் அம்மா பிறந்தது இதே பான்லாயில், கீழ்க்கரையில். அங்கே பன்னிரண்டு வீடு இருந்ததாம், எல்லாரும் ச்சின்கள், எல்லாரும் அப்படித்தான் பேசுவார்களாம். ஐம்பத்தெட்டில் அணை கட்டியபோது அவர்களை வேறு வட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், நான் இங்கே வந்து குடியேறுவதற்கு மூன்று வருடம் முன்பே. ஆகவே அந்தத் தாளில் நீ எழுதிய ஊர்ப் பெயர் சரிதானாம். என் மூத்த ஓரகத்தியிடமும் கேட்டுப் பார்த்தேன். "ஆமா, கீழ்க்கரை ஆளுங்க மீன ப்லான்னுதான் சொல்லுவாங்க. எங்கள யாரு கேட்டா?" என்றாள்.